ரெஸ்: காதால் விளையாடுவது எப்படி

ரெஸ் ஒரு சுடும் வீடியோ விளையாட்டு. எதிரிகள் வருகிறார்கள், நாம் சுடுகிறோம், அவர்கள் சிதறுகிறார்கள். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும். என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் ஆனது. "ஏன் அத்தை, துப்பாக்கியைக்கூட மாற்ற முடியாதா?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இது 2001இல் சேகா நிறுவனத்தின் ஒரு பிரிவான யுனைடெட் கேம் ஆர்ட்டிஸ்ட்ஸ் செய்த விளையாட்டு. அதன் மூளையாக இருந்தவர் டெட்சுயா மிசுகுச்சி. அதற்கு முன்பு சேகா ராலி என்ற கார்ப் பந்தய விளையாட்டைச் செய்து பெயர் வாங்கியவர். ஓசையை நிறமாகவும் நிறத்தை ஓசையாகவும் உணர்ந்த ஓவியர் காண்டின்ஸ்கி மீது அவருக்குப் பித்து. இன்று கிடைப்பது 2016இல் பிளேஸ்டேஷனுக்கும் மறு ஆண்டு கணினிக்கும் வந்த 'ரெஸ் இன்ஃபினிட்'. பழைய விளையாட்டு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நான் விளையாடுவது, பகலில் வரிக் கணக்குப் போடும் அதே கணினியில்.

முதல் வேலை, வயருள்ள ஹெட்போன் ஒன்றைத் தேடி எடுப்பது. ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். அதில் ஓசை ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாக வந்து சேரும். சினிமா பார்க்கும்போது அது பெரும்பாலும் தெரியாது, இங்கே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். டிவியில் விளையாடுவதானால் அதன் அமைப்புகளில் 'கேம் மோட்' என்றிருப்பதைப் போட்டுவிடுங்கள். கண்ட்ரோலரின் அதிர்வையும் அணைக்காதீர்கள். தாளத்தில் பாதி உள்ளங்கை வழியாகத்தான் வருகிறது. ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 பதிப்போடு, இசைக்கேற்ப அதிர்வதற்கென்றே தனியாக ஒரு கருவியைச் சேர்த்து விற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டென்றால் இந்த விளையாட்டுப் பக்கமே போக வேண்டாம். திரை விடாமல் மின்னிக்கொண்டிருக்கும்.

கதையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஈடன் என்ற செயற்கை அறிவு, தனக்குள் வந்து குவிந்த அறிவின் பாரம் தாங்காமல் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. அதை எழுப்ப ஒரு ஹேக்கர் உள்ளே போகிறார். அந்த ஹேக்கர்தான் நாம். பாதையை விளையாட்டே தீர்மானிக்கிறது, தண்டவாளத்தில் போவதைப் போல நாம் முன்னே போய்க்கொண்டே இருப்போம். நம் கையில் இருப்பது குறி ஒன்றுதான்.

பொத்தானை விட்டு விட்டு அழுத்தி ஒவ்வொன்றாகச் சுடலாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அது வீண். பொத்தானை அழுத்தியபடியே குறியை எதிரிகள் மேல் இழுத்துக்கொண்டு போங்கள். தொட்ட ஒவ்வொன்றின் மேலும் ஒரு முத்திரை விழும், கூடவே சின்னதாக ஒரு டிக். எட்டு வரை சேர்க்கலாம். பிறகு விரலை எடுங்கள். லேசர்கள் வளைந்து போய் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கும், ஒவ்வொரு வெடிப்பும் ஒரு தாளக்கருவியின் அடியாகக் கேட்கும்.

சூட்சுமம் இதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் எந்தக் கணத்தில் விரலை எடுத்தாலும், ஓசை அந்தக் கணத்தில் எழாது. பாட்டின் அடுத்த தாளப் பகுதி வரும்வரை இம்மியளவு பொறுத்து, சரியாக அதன் மேல் போய் உட்காரும். பஜனையில் தாளம் தப்பித் தட்டுகிறவரையும் கூட்டம் தன்னோடு இழுத்துச் சேர்த்துக்கொள்ளுமே, அப்படி. தப்பாக வாசிக்கவே முடியாது. "அப்புறம் நான் வாசிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?" என்று அண்ணன் மகன் மடக்கினான். நியாயமான கேள்விதான். எத்தனை சேர்க்கிறோம், எப்போது விடுகிறோம் என்பதில்தான் நம் வாசிப்பு இருக்கிறது என்பது என் பதில். அவனை மூன்று சேர்த்து விடச் சொன்னேன், பிறகு இரண்டு, மறுபடி மூன்று. பிறகு எதிரிகள் கூட்டமாக வரும்வரை காத்திருந்து எட்டையும் ஒரே மூச்சில். அந்த எட்டும் உருண்டு விழுந்தபோது அவன் தலை தானாக ஆடியது. எட்டு எட்டாகச் சேர்த்தால் மதிப்பெண் ஏறும் என்பது உண்மைதான். முதல் சில ஆட்டங்களில் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

ஒவ்வொரு பகுதியும் பத்து அடுக்குகள் கொண்டது. முதல் பகுதி வெறும் துடிப்போடு தொடங்கும், திரையில் கோடுகள் மட்டுமே இருக்கும். நடுநடுவே மிதந்து வரும் கனசதுரத்தை மீண்டும் மீண்டும் குறிவைத்துத் திறந்தால் அடுத்த அடுக்கு. தாழ்ந்த சுருதியில் ஒரு பாஸ் ஓசை சேரும், பிறகு ஒரு மெட்டு, கூடவே பின்னணியில் தூண்கள் எழும். கனசதுரம் தவறிப்போனால் பதற வேண்டாம், மறுபடி வரும். கேட்டுக்கொண்டிருக்கும் அடுக்கு பிடித்திருந்தால் நான் வேண்டுமென்றே விட்டுவிடுவதும் உண்டு.

நீல நிறப் பொருள்களைச் சேர்த்தால் நம் உருவம் வளரும், அடிபட்டால் ஒரு படி இறங்கும். வெறும் உருண்டையாக இருக்கும்போது அடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. சிவப்பு நிறத்தவை சேர்ந்தால் ஓவர்டிரைவ் கிடைக்கும். கொஞ்ச நேரம் அதுவே எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளும். கஞ்சத்தனம் செய்யாமல் நெருக்கடியில் போட்டுவிடுங்கள்.

நான்காம் பகுதிக்கு வரும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். ஜூஜூகாவின் (Joujouka) மின்னிசை அங்கே ஓடுகிறது. கடைசியில் வரும் எதிரி, கட்டங்கள் சேர்ந்து உருவான ஒரு ராட்சத மனிதன். நமக்கு முன்னால் அவன் ஓடுகிறான், நாம் துரத்துகிறோம். கையும் காலும் வீசி வீசி அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பலமுறை சுட மறந்திருக்கிறேன். ஐந்தாம் பகுதி உயிர்களின் பரிணாமத்தைப் பேசுகிறது, ஆடம் ஃப்ரீலேண்டின் இசையோடு. மெல்லத் தொடங்கி நீளமாகப் போகும். தேர்ந்தவர்கள் பலர் விளையாட்டின் சிகரம் என்பது அதைத்தான். எனக்கு அந்த ஓட்டக்காரனே போதும்.

தாண்டிவந்த பகுதிகளுக்கு 'டிராவலிங்' என்றொரு முறை உண்டு. அதில் அடிபட்டாலும் சாவு கிடையாது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். உயிரைக் காப்பாற்றும் கவலை இல்லாதபோதுதான் மேலே சொன்ன மூன்று, இரண்டு, எட்டு விளையாட்டெல்லாம் வாய்க்கும்.

2016இல் புதிதாகச் சேர்த்த 'ஏரியா எக்ஸ்' பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்டவாளம் இல்லை, நினைத்த திசையில் பறக்கலாம், எதிரிகள் ஒளித்துகள்களாகப் பொரிந்து கண் நிறையக் கொட்டுவார்கள். அதை முதலிலேயே பார்த்துவிட்டால் பழைய பகுதிகளின் கோடுகள் வறட்சியாகத் தோன்றும். அண்ணன் மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது காட்டலாம் என்று இன்னும் திறக்காமலே வைத்திருக்கிறேன், அவன் கணக்கில் மட்டும்.