ஆர்டர் படிவத்தில் ‘விதிமுறைகளுக்கு உடன்படுகிறேன்’ பெட்டியைச் சேர்ப்பது எப்படி?

போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர்ப் பக்கம் மா ஒட்டுக்கன்று வாங்க நேரில் வரும் விவசாயி, ஒட்டுக் கட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்து, வேர் மண் உடையாமல் இருக்கிறதா என்று பையை அழுத்திப் பார்த்து, விலையையும் பேசி முடித்துத்தான் கன்றை வண்டியில் ஏற்றுவார். அதே கன்றை வெளியூரிலிருந்து ஒருவர் இணையப் படிவம் வழியாக ஆர்டர் செய்யும்போது, பேச்சிலேயே தீர்ந்துபோகும் பல விஷயங்கள் எழுத்தில் நிற்க வேண்டியிருக்கிறது: வழியில் வாடிய கன்றுக்கு யார் பொறுப்பு, கேட்ட ரகம் இல்லையென்றால் என்ன செய்வது, முன்பணம் எப்போது திரும்பும். இவற்றை வாங்குபவர் படித்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு அடையாளமாக இருப்பதே படிவத்தின் அடியில் வரும் அந்தச் சிறு செக்பாக்ஸ்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் நாற்றுப்பண்ணை, மாங்கூழ், விதை, பயிற்சி வகுப்பு என்று சிறு தொழில் செய்வோர் பலர் இப்போது தங்கள் தளத்தைத் தாங்களே பராமரிக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெயர், கைபேசி எண், முகவரி, ரகம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்கும் ஒரு எளிய எச்டிஎம்எல் படிவம் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நிரல் சொற்களைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். வேறு விதமாகச் சொல்லும் இடம் தவிர, கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

முதல் படி: விதிமுறைகளை எழுதுதல்

பெட்டியை வைப்பதற்கு முன்பே விதிமுறைகள் தயாராக இருக்க வேண்டும். வேறு யாருடைய தளத்திலிருந்தோ நகலெடுத்து ஒட்டிய நீண்ட ஆங்கில வாசகம் இங்கே பயன்படாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-ஆம் பிரிவில், இருவர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றுக்கொள்வதையே சம்மதம் என்கிறது. வாங்குபவருக்குப் புரியாத மொழியில் எழுதிவிட்டு அவர் சம்மதித்தார் என்று சொல்வது அந்த அடிப்படைக்கே பொருந்தாது.

எனவே ஒவ்வொரு விதியையும் பேசுகிற தமிழுக்கு அருகில், முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘சேதாரங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதுவதைவிட, ‘கன்று கைக்கு வந்த 2 நாட்களுக்குள், ஒட்டுப் பகுதி தெளிவாகத் தெரியும் புகைப்படத்தை அனுப்பினால், வாடிய கன்றுக்கு மாற்றுக் கன்று தருவோம், அதன் பிறகு வரும் புகாரை ஏற்க இயலாது’ என்று எழுதினால், வாங்குபவருக்குத் தான் செய்ய வேண்டியது என்னவென்று தெரியும், உங்களுக்கும் பின்னால் வாதம் குறையும். ரகத்தைப் பற்றிய விதியிலும் இதே தெளிவு தேவை. பெங்களூரா கேட்டவருக்கு அது தீர்ந்துவிட்ட நிலையில் செந்தூரா அனுப்பலாமா, அல்லது அவரைக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டுமா என்பதை விதியே சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: பெட்டியையும் அதன் வாசகத்தையும் இணைத்தல்

படிவத்தில் ‘ஆர்டர் அனுப்பு’ பொத்தானுக்குச் சற்று மேலே, இன்புட் என்ற குறிச்சொல் (டேக்) ஒன்றைத் திறந்து, அதன் டைப் பண்புக்குச் (ஆட்ரிபியூட்) செக்பாக்ஸ் என்ற மதிப்பைக் கொடுங்கள். ஐடி பண்புக்கும் நேம் பண்புக்கும் அக்ரீ என்ற ஒரே சொல்லைக் கொடுக்கலாம். இவற்றில் ஐடி என்பது பக்கத்துக்குள் பெட்டியை அடையாளம் காண்பதற்கு, நேம் என்பது சர்வருக்கு, அதாவது உங்கள் தளம் இயங்கும் கணினிக்கு, போகும் தகவலின் பெயர். நேம் விடுபட்டால், வாங்குபவர் டிக் செய்தாலும் சர்வருக்கு எதுவும் போய்ச் சேராது.

அடுத்து லேபிள் என்ற குறிச்சொல். அதன் ஃபார் பண்பில், பெட்டியின் ஐடியாகிய அக்ரீ என்பதையே எழுதி, உள்ளே ‘விற்பனை விதிமுறைகளைப் படித்தேன், அவற்றுக்கு உடன்படுகிறேன்’ என்ற வாசகத்தை இடுங்கள். இந்த இணைப்பு சரியாக இருந்தால், வாசகத்தின் மேல் எங்கே தொட்டாலும் பெட்டியில் டிக் விழும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் பெட்டிக்கு வரும்போது அந்த வாசகத்தைப் படித்துச் சொல்லும். லேபிள் இல்லாமல் வெறும் எழுத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இவை இரண்டும் நடக்காது.

விதிமுறைப் பக்கத்துக்கான லிங்க்கைப் பலர் லேபிளுக்குள்ளேயே வைக்கிறார்கள். அது நிரல் விதிப்படி தவறில்லை என்றாலும், கைபேசியில் டிக் செய்ய நினைத்துத் தொடும் விரல் லிங்க்கின் மேல் பட்டு வேறு பக்கம் திறந்துவிடும். அதுவும் அதே தாவலில் திறந்தால், திரும்பி வரும்போது நிரப்பிய முகவரி அழிந்துபோகவும் வாய்ப்புண்டு. லிங்க்கைத் தனி வரியில், பெட்டிக்கு மேலே வைத்து, புதிய தாவலில் திறக்கும்படி டார்கெட் பண்பை அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன். விதிமுறைகள் பத்து வரிக்குள் அடங்குமானால் தனிப் பக்கமே வேண்டாம்; அவற்றைப் படிவத்திலேயே முழுமையாகக் காட்டிவிடுவது எல்லாவற்றிலும் நேர்மையான வழி.

மூன்றாம் படி: டிக் செய்யாமல் அனுப்ப முடியாதபடி செய்தல்

இன்புட் குறிச்சொல்லுக்குள் ரிக்வயர்டு என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். டிக் இல்லாமல் பொத்தானை அழுத்தினால் பிரவுசரே படிவத்தைத் தடுத்து, பெட்டியின் அருகில் ஒரு செய்தியைக் காட்டும். அந்தச் செய்தி பிரவுசர் எந்த மொழியில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த மொழியில் வரும் என்பதால், பலருடைய கைபேசியில் அது ஆங்கிலமாகவே இருக்கும். தமிழில் வேண்டுமென்றால், பிரவுசரில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு இடங்களில் தேவைப்படுகிறது. பெட்டியில் இன்வேலிட் நிகழ்வு வரும்போது (டிக் இல்லை என்று பிரவுசர் தடுக்கும்போது) செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்து, ‘விதிமுறைகளுக்கு உடன்பட்டால் மட்டுமே ஆர்டரை அனுப்ப முடியும்’ என்ற வாக்கியத்தைக் கொடுக்க வேண்டும். பெட்டியில் சேஞ்ச் நிகழ்வு வரும்போது (டிக் மாறும்போது) அதே செயற்கூற்றை வெற்றுச் சரத்துடன் (உள்ளே எழுத்தே இல்லாத மேற்கோள் குறிகளுடன்) அழைக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், வாங்குபவர் டிக் செய்த பிறகும் பழைய பிழைச் செய்தி அப்படியே நின்று, படிவம் எத்தனை முறை அழுத்தினாலும் போகாது. செயற்கூற்றின் பெயரைத் தட்டச்சிடும்போது, கஸ்டம், வேலிடிட்டி ஆகிய பகுதிகளின் முதலெழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தாக இட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும்.

டிக் விழும் வரை பொத்தானைச் சாம்பல் நிறத்தில் முடக்கி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. முடங்கிய பொத்தான் தான் ஏன் முடங்கியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இணையத்துக்குப் புதியவர் ‘தளம் வேலை செய்யவில்லை’ என்று நினைத்து மூடிவிடுவார். பொத்தான் இயங்கட்டும், குறை என்னவென்று செய்தி சொல்லட்டும்.

நான்காம் படி: பெட்டி காலியாகவே தொடங்க வேண்டும்

செக்டு என்ற பண்பைச் சேர்த்தால் பக்கம் திறக்கும்போதே டிக் விழுந்திருக்கும். ஆர்டர் வேகமாக வர வேண்டும் என்ற ஆசையில் இதைச் செய்பவர்கள் உண்டு. இந்தப் பண்பை உங்கள் பெட்டியில் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், வாங்குவதற்கான சம்மதத்தை நுகர்வோரின் வெளிப்படையான செயல் மூலமே பதிவு செய்ய வேண்டும் என்றும், முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டிகள் உட்பட எந்தத் தானியங்கி வழியிலும் பதிவு செய்யக் கூடாது என்றும் நேரடியாகவே சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும், இணையத் தளங்கள் பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவல்களான குக்கீகள் தொடர்பான வழக்கொன்றில், முன்பே டிக் செய்த பெட்டி சம்மதமாகாது என்று 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. டிக் என்பது வாங்குபவரின் கை செய்த செயலாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

நீங்கள் செக்டு பண்பைச் சேர்க்காமலே பெட்டி டிக்குடன் தோன்றும் ஒரு சூழலும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், பக்கத்தைப் புதுப்பிக்கும்போது படிவத்தின் பழைய நிலையைக் காப்பாற்றி வைக்கும். முன்பு போட்ட டிக் அப்படியே இருக்கும். இன்புட் குறிச்சொல்லில் ஆட்டோகம்ப்ளீட் பண்புக்கு ஆஃப் என்ற மதிப்பைக் கொடுத்தால் இது நிற்கும்.

இதே படிவத்தில் ‘புதிய ரகங்கள் பற்றி வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பலாம்’ என்ற சம்மதத்தையும் பெற விரும்பினால், அதற்கு இரண்டாவது பெட்டி ஒன்றை வைத்து, அதில் ரிக்வயர்டு சேர்க்காமல் விடுங்கள். கன்று வேண்டும் என்பவர் விளம்பரமும் வேண்டும் என்று சொன்னதாக ஆகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 6-ஆம் பிரிவில், சம்மதம் தன்னிச்சையானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் தெளிவான செயலால் தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வசதியையும் கேட்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்று. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஐந்தாம் படி: கைபேசிக்கு ஏற்ற அளவு

பிரவுசர் தரும் இயல்பான செக்பாக்ஸ் மிகச் சிறியது. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டு நெறிகள், தொடும் இலக்குக்கு 24க்கு 24 பிக்சலைக் குறைந்தபட்ச அளவாகச் சொல்கின்றன. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலம், உயரம் இரண்டுக்கும் அந்த அளவைக் கொடுத்து, வாசகத்தின் எழுத்தளவை 16 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட நீளமாக ஓடி இரண்டு மூன்று வரிகளுக்கு மடியும் என்பதால், பெட்டியும் லேபிளும் சேர்ந்த உறைக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் கொடுத்தால், மடிந்த வரிகள் பெட்டிக்கு அடியில் புகாமல் வாசகத்தின் கீழேயே நிற்கும். பெட்டி குறுகிவிடாமலிருக்க அதற்கு ஃப்ளெக்ஸ் ஷ்ரிங்க் மதிப்பைச் சுழியமாக்குங்கள்.

ஆறாம் படி: சர்வரில் சரிபார்த்துப் பதிவு செய்தல்

தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ரிக்வயர்டு என்பது பிரவுசரில் மட்டும் நடக்கும் தடுப்பு. பிரவுசரின் ஆய்வுக் கருவியைத் திறந்து அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அழித்துவிட்டுப் படிவத்தை அனுப்ப முடியும். ஆகவே சர்வரிலும் அதே சோதனை இருக்க வேண்டும்.

இங்கே செக்பாக்ஸின் இயல்பு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டிக் செய்யாத பெட்டி ‘இல்லை’ என்ற மதிப்பை அனுப்புவதில்லை. அது எதையுமே அனுப்புவதில்லை. டிக் செய்த பெட்டிக்கு வேல்யூ பண்பு கொடுக்கப்படாவிட்டால் ஆன் என்ற சொல் போகும். எனவே சர்வருக்கான நிரலைப் பிஎச்பி மொழியில் எழுதுவோர், படிவத்திலிருந்து வந்த போஸ்ட் தரவில் (இதை மட்டும் $_POST என்று பெரிய எழுத்தில் இட வேண்டும்) அக்ரீ என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் ஐசெட் கட்டளை கொண்டு பார்த்து, இல்லையென்றால் ஆர்டரைச் சேமிக்காமல், நிரப்பிய தகவல்கள் அழியாதபடி படிவத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

வேல்யூ பண்பை வீணாக்காமல், அதில் விதிமுறைகளின் பதிப்பு எண்ணை இடுவது நல்ல பழக்கம். காலையில் படிவத்தைத் திறந்து வைத்த ஒருவர் மாலையில் அனுப்புகிறார், இடையில் நீங்கள் ஒரு விதியை மாற்றிவிட்டீர்கள் என்றால், அவர் படித்தது பழைய பதிப்பு. சர்வருக்கு வரும் எண்ணையும் நடப்பு எண்ணையும் ஒப்பிட்டு, இரண்டும் வேறுபட்டால் புதிய விதிமுறைகளைக் காட்டி மீண்டும் டிக் கேளுங்கள். ஒத்துப்போனால், ஆர்டர் எண், பதிப்பு எண், சர்வரின் தேதியும் நேரமும் ஆகிய மூன்றையும் தரவுத்தளத்தில் ஒரே வரிசையில் சேமியுங்கள். வெறும் ‘ஆம்’ என்ற பதிவு மட்டும் இருந்தால், எதற்கு ஆம் என்றார் என்பதை ஓராண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிப்பின் முழு வாசகத்தையும் தனிக் கோப்பாக வைத்திருங்கள். பழைய கோப்பின் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். மின்னணு வழியில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் இந்தப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: சோதனை

தளத்தை வெளியிடும் முன், டிக் இல்லாமல் பொத்தானை அழுத்தி, தமிழ்ச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். பிறகு டிக் செய்து அழுத்தி, படிவம் தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். மவுஸைத் தொடாமல், டேப் விசையால் பெட்டிக்கு வந்து ஸ்பேஸ் விசையால் டிக் விழுகிறதா என்று சோதியுங்கள். ஆய்வுக் கருவியில் ரிக்வயர்டு சொல்லை நீக்கிவிட்டு, டிக் இல்லாமல் அனுப்புங்கள். சர்வர் மறுக்க வேண்டும். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சர்வரில் பதிப்பு எண்ணை மாற்றி, பழைய பக்கத்திலிருந்து அனுப்பிப் பாருங்கள். கடைசியாக, எழுத்தளவு பெரிதாக்கப்பட்ட, விலை குறைந்த ஒரு கைபேசியை, கன்று வாங்கும் வயதில் மூத்த ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் எதுவும் சொல்லாமல் அவரையே ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த வாக்கியத்தில் நின்று திரும்பப் படிக்கிறாரோ, அந்த விதியைத்தான் முதலில் திருத்தி எழுத வேண்டும். எழுதியதும் பதிப்பு எண்ணையும் மாற்றிவிடுங்கள்.