ஆட்சி நாட்ட உண்மையிலயே வளக்குதான்னு நாமளே செக் பண்றது எப்படி

வளரும் நாடு எதுவா இருந்தாலும் தலைவர் மேடையேறுனா முதல்ல வர்றது ஜிடிபி (ஒரு வருஷத்துல நாட்டுல உற்பத்தியாகுற பொருள், சேவையோட மொத்த மதிப்பு) வளர்ச்சி இத்தன சதவீதம்ங்கிறதுதான். கேட்ட உடனே கைதட்டவும் வேணாம், பொய்னு திட்டவும் வேணாம், கால்குலேட்டர எடுங்க.

வளர்ச்சி 6 சதவீதம், மக்கள்தொகை 2.5 ஏறுதுன்னா ஆளுக்கு ஏறுனது 3.5தான். ரெண்டு மடங்காக எத்தன வருஷம்னு தோராயமா பாக்க 70-ஐ அந்த சதவீதத்தால வகுக்கணும். 70-ஐ 3.5ஆல வகுத்தா 20 வரும், அதாவது சராசரி வருமானம் ரெண்டு மடங்காக 20 வருஷம் ஆகும். பணவீக்கத்த கழிச்ச நம்பர்தானான்னும் பாத்துக்கோங்க, கழிக்காதத தூக்கிட்டு வர்ற ஆளுங்க நிறைய.

பொருளாதாரம் திடீர்னு எகிறிருச்சுன்னா கணக்கு போடுற முறை மாறுச்சான்னு தேடுங்க. நைஜீரியாவுல 2014ல அடிப்படை ஆண்ட (எந்த வருஷத்து விலைய வச்சு கணக்கு போடுறாங்களோ அது) 1990ல இருந்து 2010க்கு மாத்துனாங்க, 2013க்கான ஜிடிபி 89 சதவீதம் கூடி 510 பில்லியன் டாலர்கிட்ட போயிருச்சு, தென்னாப்பிரிக்காவ தாண்டி ஆப்பிரிக்காவுல முதலிடம். மோசடின்னு சொல்ல முடியாது, டெலிகாம், சினிமா எல்லாம் பழைய கணக்குல ஒழுங்கா வரல, ஆனா அன்னைக்கு யார் பாக்கெட்லயும் ஒத்த காசு கூடல.

அடுத்து பட்ஜெட், இங்கதான் கொஞ்சம் பொறுமை வேணும். பல நாட்டு பட்ஜெட்ல மூணு விதமான தொகை இருக்கும்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில செலவானது. மேடைல கேக்குறது முதல் தொகை. நீங்க ரோடு, பாசனம், பள்ளிக்கூட கட்டடம் மாதிரி மூலதன செலவுக்கு மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. 100 ஒதுக்கி, 80ன்னு திருத்தி, கடைசில 60தான் செலவாயிருந்தா அதுதான் அந்த அரசோட நிஜ முகம், ஏன்னா சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது, காசு முட்டுனா முதல் வெட்டு இதுலதான் விழும். உண்மை செலவு ஒண்ணு ரெண்டு வருஷம் லேட்டாத்தான் வரும், அதனால அதே வருஷத்து பழைய பட்ஜெட்ட தேடி எடுத்து வைங்க, இல்லன்னா வேற வேற வருஷத்த ஒப்பிட்டு நீங்களே கொழம்பிருவீங்க.

அப்படியே வரி வருமானம் ஜிடிபில எத்தன சதவீதம்னும் பாருங்க. இலங்கைல 2019 கடைசில வாட் வரிய 15ல இருந்து 8ஆ குறைச்சாங்க, கேக்க இனிப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் கோவிட்ல டூரிசம் படுத்துச்சு, வரி வருமானம் ஜிடிபில 10 சதவீதத்துக்கும் கீழ போச்சு, 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதிக்கு தடை வேற, கடைசில 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. எல்லாமே ஒரே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த வரி நம்பர் முன்னாடியே எச்சரிச்சிச்சு.

கம்பெனிகளுக்கு சலுகைன்னு அறிவிச்சா என்ன நிபந்தனைன்னு கேளுங்க. தென்கொரியாவுல 1960, 70கள்ல அதிபரா இருந்த பார்க் சுங் ஹீ மாசாமாசம் ஏற்றுமதி கூட்டத்துல நேர்ல உக்காருவாரு, இலக்க தொட்ட கம்பெனிக்கு குறைஞ்ச வட்டில கடன், தொடாட்டி கஷ்டம்தான். (அவர் ராணுவப் புரட்சில வந்தவரு, எதிர்த்தவங்கள நசுக்குனவரு, அந்த பக்கத்த நான் மறைக்கல.) நிபந்தனையே இல்லாத சலுகைன்னா அது வேண்டப்பட்டவங்களுக்கு போற காசுன்னு சந்தேகப்படலாம்.

இந்த முதலீட்டு ஒப்பந்தம் இத்தன பில்லியன்னு வர்ற செய்திக்கு ரொம்ப மெனக்கெட வேணாம், தொகையயும் தேதியயும் குறிச்சு வச்சிட்டு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மத்திய வங்கி வெளியிடுற அந்நிய நேரடி முதலீட்டு கணக்குல அந்த துறைக்கு நிஜமா எவ்வளவு வந்துச்சுன்னு பாருங்க.