பிரெக்சிட்டுக்கு யார் பொறுப்பு? கணக்கைச் சரியாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி

பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியது, பற்றிப் பேச்சு வந்தால் அங்கே இரண்டு பதில்தான் முதலில் வரும். "எல்லாம் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் செய்த வேலை" என்பது ஒன்று, "ஓட்டுப் போட்டவர்களையே போய்க் கேளுங்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்: வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது யார், முடிவு அப்படி வர யார் காரணம், வந்த முடிவை வைத்துக்கொண்டு யார் என்ன செய்தார்கள். அப்புறம் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அந்த நேரத்தில் அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதிகாரம் எவ்வளவோ பொறுப்பும் அவ்வளவு.

வாக்காளரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதிகமாகத் திட்டு வாங்குவது அவர்தான். 2016 ஜூன் 23 அன்று அவர் கையில் கொடுத்த சீட்டில் ஒரே கேள்வி, இரண்டு கட்டம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா. ஒற்றைச் சந்தையில் (பொருளும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரும் ஏற்பாடு) இருப்பதா, சுங்க ஒன்றியம் (உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி இல்லாத ஏற்பாடு) வேண்டுமா, அயர்லாந்து குடியரசோடு உள்ள வட அயர்லாந்து எல்லையை என்ன செய்வது, இதில் ஒரு வார்த்தைகூட அந்தத் தாளில் கிடையாது. வெளியேற 1.74 கோடி பேர், நீடிக்க 1.61 கோடி பேர், 51.9க்கு 48.1 சதவீதம். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அந்த ஒரு பெருக்கல் குறிக்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. அதற்காக, வெளியேறச் சொல்லி ஓட்டுப் போட்ட வீட்டுப் பெரியவர்களோடு பேச்சை முறித்துக்கொள்வது அநியாயம். பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்கும், அங்கேயே குடியிருந்த பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் ஓட்டே இல்லை, அவர்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

அடுத்து, சட்டம் எழுதியவர்கள். தன் கன்சர்வேடிவ் கட்சிக்குள் இருந்த எதிர்ப்பையும், ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்ன யூகிப் கட்சியின் வளர்ச்சியையும் சமாளிக்க வேண்டிய நிலையில், 2013 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குக் கொடுத்தவர் கேமரன், சரி. ஆனால் அவரோடு நிறுத்திவிடாதீர்கள். 2015 ஜூனில் வாக்கெடுப்பு மசோதாவின் இரண்டாம் வாசிப்பில், அதாவது அதைக் கொள்கையளவில் ஏற்பதா என்ற கட்டத்தில், ஆதரவாக 544 எம்.பி.க்கள், எதிராக 53 பேர்தான். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் ஆதரவாகத்தான் வாக்களித்தது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று 1979இல் நடந்த வாக்கெடுப்பில் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இந்தச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. சட்டப்படி முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மக்களிடம் போய் நீங்கள் சொல்வதை நிறைவேற்றுவோம் என்றார்கள். இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. வெளியேறு என்று முடிவு வந்தால் என்ன செய்வது என்பதற்கு அரசு திட்டமே போடச் சொல்லவில்லை. அதை நாடாளுமன்ற வெளியுறவுக் குழு கடும் அலட்சியம் என்றே பதிவு செய்தது. மக்களிடம் இரண்டு வழியைக் காட்டிவிட்டு ஒன்றுக்கு மட்டும் தயாராக இருந்ததுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் கனமான பொறுப்பு, வாக்கெடுப்புக்கு மறுநாளே கேமரன் பதவி விலகுவதாக அறிவித்ததால் அது குறைந்துவிடாது.

பிரசாரத்தைத் தனியாக எடை போடுங்கள். ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று வெளியேறச் சொன்ன தரப்பு தன் பிரசாரப் பேருந்தில் எழுதிய கணக்கு தவறாக வழிநடத்துகிறது என்று புள்ளிவிவர ஆணையமே சொன்னது, அதன் பிறகும் அது ஓடியது. செலவு வரம்பை மீறியது உள்ளிட்ட தவறுகளுக்காக, வெளியேறும் பிரசாரத்தை நடத்திய வோட் லீவ் அமைப்புக்கு 2018இல் தேர்தல் ஆணையம் 61,000 பவுண்டு அபராதம் போட்டது. விதிமீறல் நிரூபணமானது வேறு, அதனால்தான் முடிவு மாறியது என்பது வேறு. நீடிக்கச் சொன்ன எதிர்ப்பக்கத்தையும் விடாதீர்கள்: வெளியேறினால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 4,300 பவுண்டு நஷ்டம் என்று மிரட்டியே ஜெயித்துவிடலாம் என்று நினைத்தார்கள், ஒன்றியத்தால் என்ன நன்மை என்று மனசார எடுத்துச் சொன்னவர்கள் கொஞ்சம்.

கடைசிப் பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2017 பிப்ரவரியில், எந்த மாதிரி வெளியேற்றம் என்றே தீர்மானிக்காமல், 50வது பிரிவைத் தொடங்க, அதாவது வெளியேறுவதாக ஒன்றியத்துக்கு முறைப்படி அறிவிக்க, 498 எம்.பி.க்கள் சரி என்றார்கள், 114 பேர் வேண்டாம் என்றார்கள். கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் 432 பேர் நிராகரித்தார்கள். வெளியேறியே ஆக வேண்டும் என்றவர்களும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று, வெளியேறினாலும் சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்ளலாம் என்ற தீர்மானம் 273க்கு 276 என்று மூன்றே ஓட்டில் விழுந்தது. முழு வெற்றி வேண்டும் என்று நின்று நடுவழியை வீழ்த்தியவர்கள் இரண்டு தரப்பிலும் உண்டு, இரண்டு தரப்பையும் எழுதுங்கள்.

இந்த வாக்கெடுப்புகள் எல்லாவற்றுக்கும் பெயர்ப் பட்டியல் நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சார்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் தொகுதி எம்.பி. அப்போது சபையில் இருந்தவர் என்றால் 2015, 2017, 2019 மூன்றையும் வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் ஆம் சொல்லிவிட்டு மூன்றாவதில் எல்லாவற்றையும் மறுத்திருந்தால், ஏன் என்று அவருக்கே கடிதம் எழுதிக் கேளுங்கள்.