ஸ்பிரிண்ட் நடுவே ஸ்கோப் மாறினால் சார்ட்டில் எப்படிக் காட்டுவது?

ஸ்பிரிண்ட் என்பது மென்பொருள் குழு திட்டமிட்டு வேலை செய்யும் குறுகிய காலக்கட்டம், ஸ்கோப் என்பது அதற்குள் செய்ய எடுத்துக்கொண்ட மொத்த வேலை. நாள்தோறும் வேலை குறைவதைக் காட்டும் பர்ன்டவுன் சார்ட்டில் குழுவின் நிலையைச் சொல்வது ஒரே ஒரு கோடு: மீதி வேலை. வேலை முடிந்தாலும் அது இறங்கும், ஒரு டிக்கெட்டை (ஒரு வேலைக்கான பதிவு) தூக்கி பேக்லாகில் (பிறகு செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) போட்டாலும் இறங்கும். இரண்டும் கோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். சிக்கலின் வேர் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 வேலை நாள் ஸ்பிரிண்ட், தொடக்கத்தில் 40 பாயிண்ட் (வேலையின் அளவுக்குக் குழு போடும் மதிப்பீட்டு எண்). 4ஆம் நாள் முடிவில் 15 முடிந்து 25 மீதி. 5ஆம் நாள் குழு 5 பாயிண்ட் முடிக்கிறது. அன்றே அவசரத் திருத்தம் ஒன்று 5 பாயிண்டோடு உள்ளே வருகிறது. மீதி அதே 25, கோடு படுத்துக்கிடக்கிறது. 6ஆம் நாள் டெஸ்ட் சர்வர் விழுந்து ஒன்றுமே முடியவில்லை. ஆனால் 8 பாயிண்ட் ஸ்டோரி (பயனருக்கான ஒரு வேலை) ஒன்றை, எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர் நீக்குகிறார். மீதி 17, கோடு சரேலென்று இறங்குகிறது. சார்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு 5ஆம் நாள் குழு சும்மா இருந்தது, 6ஆம் நாள் பறந்தது. நடந்ததோ நேர் எதிர்.

ஆகவே முடிந்த வேலையையும் மொத்த ஸ்கோப்பையும் தனித்தனிக் கோடாக வைக்க வேண்டும். அதுதான் பர்ன்அப். மேலே மொத்த ஸ்கோப், கீழே முடிந்தது, நடுவில் உள்ள இடைவெளி மீதி. இதே எடுத்துக்காட்டில் ஸ்கோப் கோடு 5ஆம் நாள் 40-லிருந்து 45-க்கு ஏறும், 6ஆம் நாள் 37-க்கு இறங்கும். முடிந்த வேலையின் கோடு 15, 20, 20 என்று உள்ளதை உள்ளபடி காட்டும்.

முதலில் தொடக்க எண்ணை உறைய வைக்க வேண்டும். பிளானிங் முடிந்து, கடைசி டிக்கெட்டுக்கும் எஸ்டிமேட் (பாயிண்ட் மதிப்பீடு) போட்ட பிறகே கருவியில் (ஜிரா போன்ற டிக்கெட் மென்பொருளில்) ஸ்பிரிண்டைத் தொடங்குங்கள். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு மதியம் பிளானிங் செய்யும் குழுக்கள் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் பிளானிங்கில் சேர்த்த ஒவ்வொரு டிக்கெட்டும் ஸ்கோப் மாற்றமாகப் பதிவாகி, அந்த ஸ்பிரிண்டின் அறிக்கையே பயனற்றுப் போகும். தொடங்கிய கணத்தில் இருந்த மொத்தப் பாயிண்ட், டிக்கெட் எண்ணிக்கை இரண்டையும் தனியே எழுதி வையுங்கள். அதன்பின் யாரும் அதைத் தொடக் கூடாது.

அடுத்து மாற்றங்களை வகை பிரித்துப் பதிவது. சேர்ந்தது, நீங்கியது என்ற இரண்டோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது மறுமதிப்பீடு: 3 என்று நினைத்தது 8 என்று தெரியவந்தால் புது டிக்கெட் வராமலே ஸ்கோப் 5 கூடுகிறது. இதைச் 'சேர்ந்தது' கணக்கில் போடாதீர்கள். வெளியிலிருந்து வந்த வேலையும் நம் கணிப்புத் தவறியதும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. நான்காவது பிளவு: 8 பாயிண்ட் ஸ்டோரியை 5, 3 என்று இரண்டாக்கினால் மொத்தம் மாறக் கூடாது. புது டிக்கெட்டுக்கு 3 போட்டுவிட்டுப் பழையதை 8-லேயே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. இல்லாத 3 பாயிண்ட் சார்ட்டில் முளைத்துவிடும்.

5 பாயிண்டை உள்ளே எடுத்து வேறொரு 5 பாயிண்டை வெளியே அனுப்பும் இடமாற்றத்தையும் இரண்டு வரியாகவே எழுதுங்கள். நிகரம் சுழியம் என்பதால் மாற்றமே நடக்கவில்லை என்று ஆகாது. பாதி செய்த வேலை வெளியே போயிருக்கலாம்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டு தாள் போதும். முதல் தாள் பதிவேடு, மாற்றத்துக்கு ஒரு வரி: தேதி, டிக்கெட் எண், வகை, பழைய பாயிண்ட், புதிய பாயிண்ட், கேட்டவர், காரணம். காரணத்தை ஐந்தாறு சொல்லுக்குள் எழுதினால் போதும், ஆனால் காலியாக விடக் கூடாது. இரண்டாம் தாள் நாள் கணக்கு, நாளுக்கு ஒரு வரி. சேர்ந்தது, நீங்கியது, மறுமதிப்பீடு, அன்று முடிந்தது ஆகிய நான்கையும் நீங்கள் நிரப்புவீர்கள். மற்றதைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும்:

மொத்த ஸ்கோப் = நேற்றைய ஸ்கோப் + சேர்ந்தது − நீங்கியது + மறுமதிப்பீடு
மொத்தம் முடிந்தது = நேற்றுவரை முடிந்தது + இன்று முடிந்தது
மீதி = மொத்த ஸ்கோப் − மொத்தம் முடிந்தது

மறுமதிப்பீடு குறைந்தால் அந்தக் கட்டத்தில் எதிர்ம எண் வரும், சரிதான். மொத்த ஸ்கோப், மொத்தம் முடிந்தது இரண்டையும் கோட்டு வரைபடமாகப் போடுங்கள். இன்னும் வராத நாள்களின் கட்டங்கள் சுழியமாக இருந்தால் முடிந்ததன் கோடு திடீரென்று தரையில் விழும். அந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்கள், சூத்திரம் இருந்தால் 'என்ஏ' (#N/A) பிழை மதிப்பைத் திருப்பச் செய்யுங்கள். மாற்றம் நடந்த நாளின் புள்ளியில் டிக்கெட் எண்ணோடு சிறு குறிப்பும் போடுங்கள். படியேற்றம் எதனால் வந்தது என்று யாரும் கேட்கத் தேவையிருக்காது.

மேலாளர் பர்ன்டவுன்தான் வேண்டும் என்றால் கோட்டுக்குப் பதில் நாளுக்கொரு பட்டை வரையலாம். முடிந்த வேலைக்குப் பட்டையின் மேல்முனை இறங்கும், மறுமதிப்பீட்டுக்கும் அதே முனைதான் நகரும். சேர்ந்த வேலைக்கு அடிமுனை சுழியக் கோட்டுக்குக் கீழே நீளும், நீக்கினால் மேலேறும். பட்டையின் நீளம்தான் மீதி. முதல் பார்வையில் குழப்பும், பழகிவிடும்.

தொடக்க அளவிலிருந்து கடைசி நாளின் சுழியத்துக்கு இறங்கும் வழிகாட்டும் சாய்கோட்டை மட்டும் திருத்தி வரையாதீர்கள். முதலில் போட்ட திட்டம் அது. வேண்டுமானால் மாறிய நாளிலிருந்து புள்ளிக்கோடு ஒன்று சேருங்கள். 5ஆம் நாள் முடிவில் 25 மீதி, 5 நாள் பாக்கி, ஆகவே நாளுக்கு 5 தேவை. தொடக்கத்தில் நாளுக்கு 4 என்று இருந்தது. சேர்த்த வேலையின் விலையை ப்ராடக்ட் ஓனருக்குச் சொல்ல இதைவிட எளிய எண் இல்லை.

ஜிரா பயன்படுத்துவோருக்குப் பாதி வேலை தானாகவே நடக்கும். பர்ன்டவுன் சார்ட்டுக்குக் கீழுள்ள அட்டவணையில் ஒவ்வொரு ஸ்கோப் மாற்றமும் வரிசையாக இருக்கும். ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டில், தொடங்கிய பின் சேர்ந்த டிக்கெட்டுக்கு நட்சத்திரக் குறி உண்டு, நீக்கியவை தனிப் பகுதியில் வரும். ஆனால் காரணம் எங்கும் இருக்காது, அதற்குத்தான் பதிவேடு. ஸ்பிரிண்ட் வாரியாக ஒப்புக்கொண்டதையும் முடித்ததையும் காட்டும் வெலாசிட்டி சார்ட்டையும் எச்சரிக்கையாகப் படியுங்கள். அதில் ஒப்புக்கொண்ட அளவு ஸ்பிரிண்ட் தொடங்கிய கணத்தோடு நின்றுவிடும், முடித்த அளவில் நடுவே சேர்ந்தவையும் கலந்திருக்கும். இரண்டையும் வகுத்துச் சதவீதம் சொன்னால் அது எதையும் அளக்காது.

எடுத்துக்காட்டை முடித்தே பார்ப்போம். 8ஆம் நாள் ஒரு ஸ்டோரி 3-லிருந்து 8 ஆகிறது, ஸ்கோப் 42. கடைசி நாளில் 37 முடிந்தது, 5 மீதி. 37-ஐ 40-ஆல் வகுத்தால் 92.5 சதவீதம், அருமை என்பார்கள். பிரித்துப் பார்த்தால் அந்த 37-இல் 5 அவசரத் திருத்தம், 5 மறுமதிப்பீட்டில் கூடியது. முதலில் திட்டமிட்ட 40-இல் உண்மையில் முடிந்தது 27, அதாவது 67.5 சதவீதம். ஸ்கோப்பின் நிகர மாற்றம் வெறும் +2, தொடக்க அளவான 40-இல் 5 சதவீதம். சேர்ந்தது 5, நீங்கியது 8, மறுமதிப்பீடு 5 என்று குறி பாராமல் கூட்டினால் 18, அதாவது 45 சதவீதம். ரெட்ரோவுக்கு (ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் மீள்பார்வைக் கூட்டம்) இந்த 45-ஐ எடுத்துப் போங்கள், 5-ஐ அல்ல. குழுவை அலைக்கழித்தது அதுதான்.

மாற்றம் நடந்த அன்றே பதியுங்கள். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் சிறியவை எல்லாம் காணாமல் போகும். டெய்லி ஸ்க்ரமுக்கு (குழுவின் தினசரிக் குறுங்கூட்டம்) முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி நூலான 2020ஆம் ஆண்டின் ஸ்க்ரம் கைடு ஸ்பிரிண்ட் நடுவே ஸ்கோப்பைத் தெளிவுபடுத்தவும் ப்ராடக்ட் ஓனரோடு மீண்டும் பேசி முடிவெடுக்கவும் இடம் தருகிறது. ஸ்பிரிண்ட் கோலுக்கு (அந்த ஸ்பிரிண்டின் இலக்கு) ஆபத்து வரக் கூடாது என்பதே எல்லை. எனவே பதிவேட்டில் 'கோலைத் தொடுகிறதா' என்று ஆம், இல்லை பத்தி ஒன்றும் வையுங்கள். ஆம் என்றால் அன்றே பேச வேண்டும், சார்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கணக்கைக் கெடுக்கும் இன்னும் சில உண்டு. எஸ்டிமேட் இல்லாமல் உள்ளே நுழையும் பக்குகள் பாயிண்ட் சார்ட்டில் தெரியவே தெரியாது. குழு மூச்சுத் திணறும், ஸ்கோப் கோடு நேராகவே போகும். இதைப் பிடிக்க, தொடக்கத்தில் எழுதி வைத்த டிக்கெட் எண்ணிக்கையைத் தினமும் குறித்து வாருங்கள். முடிந்ததாக மூடிய டிக்கெட் மறுபடி திறந்தால் அது ஸ்கோப் மாற்றம் அல்ல. ஸ்கோப்பைத் தொடாமல் 'அன்று முடிந்தது' கட்டத்தில் அந்தப் பாயிண்டைக் கழித்து எழுதுங்கள், முடிந்ததன் கோடு இறங்கட்டும். கருவியின் நேர மண்டலம் குழுவினுடையதிலிருந்து வேறுபட்டால் மாலையில் செய்த மாற்றம் அடுத்த நாளில் போய் உட்காரும். நாள் கணக்கு ஒன்று தள்ளியே வருகிறது என்றால் முதலில் அந்த அமைப்பைத் திறந்து பாருங்கள்.