மூன்று நிலை இன்வெர்ட்டரில் காமன்-மோட் வோல்டேஜை அடக்க மூன்று கழித்தல்

மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டதும் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். வளையத்துக்குள் வரிவரியாகக் கோடு. கிரீஸில் குறையில்லை, ஷாஃப்ட் வழியாக வந்த மின்சாரம் பேரிங்கில் பொறிவிட்டபடி இருந்திருக்கிறது. அதற்குக் காரணம் காமன்-மோட் வோல்டேஜ், அதாவது இன்வெர்ட்டரின் மூன்று வெளியீடுகளுக்கும் பொதுவாக இருக்கும் சராசரி வோல்டேஜ். ஃபில்டர் எதுவும் வாங்காமல், சுவிட்சுகள் எப்போது மாற வேண்டும் என்று சொல்லும் பிடபிள்யூஎம் புரோகிராமை மட்டும் மாற்றி அதைக் குறைத்த விதம் இது. உங்கள் என்பிசி (டிசியின் நடுப்புள்ளியோடு டயோடால் இணைத்த மூன்று நிலை) இன்வெர்ட்டர் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி, தாளும் பேனாவும். டிசி நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு லெக்கும் (ஒரு பேஸுக்கான சுவிட்சு வரிசை) +, 0, − இவற்றில் ஒன்றில் இருக்கும். மொத்தம் 27 நிலைகள். +1, 0, −1 என்று கூட்டி, டிசியின் ஆறில் ஒரு பங்கால் பெருக்குங்கள், அதுதான் காமன்-மோட் வோல்டேஜ். 600 வோல்ட் டிசியில் (+,+,0) என்றால் 200 வோல்ட், (+,0,0) என்றால் 100, (+,0,−) என்றால் பூஜ்யம். பூஜ்யம் தருபவை ஏழுதான்: (0,0,0), அப்புறம் (+,0,−) நிலையை இடம் மாற்றி எழுதினால் வரும் ஆறு.

அந்த ஏழை மட்டும் பயன்படுத்த ஸ்பேஸ் வெக்டர் அறுங்கோணம் (நிலைகளை அம்புகளாகக் காட்டும் படம்) வரையலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டு நிலை இன்வெர்ட்டருக்குச் செய்வதுபோல மூன்று ரெஃபரன்ஸையும் (ஒவ்வொரு பேஸுக்கும் வேண்டிய சைன் அலை) ஒரே முக்கோண அலையோடு ஒப்பிடுங்கள். ஆர், ஒய், பி ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1 கிடைக்கும். பிறகு,

ஆர் லெக் = ஆர் − ஒய்
ஒய் லெக் = ஒய் − பி
பி லெக் = பி − ஆர்

மூன்றையும் கூட்டிப் பாருங்கள், எப்போதும் பூஜ்யம்.

நான் இடறியது இதற்கடுத்துதான். கழித்ததும் வெளிவருவது லைன் வோல்டேஜ் மாதிரி 30 டிகிரி முந்திக்கொள்கிறது. வோல்டேஜையும் ஃபிரீக்வென்ஸியையும் ஒரே விகிதத்தில் மாற்றும் வி/எஃப் முறையில் மோட்டார் ஒழுங்காகச் சுற்றியதால் கவனிக்கவில்லை. டார்க்கையும் காந்தப்புலத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வெக்டர் கண்ட்ரோல் போட்டதும், ஐக்யூவை (டார்க் தரும் கரண்ட்) கூட்டினால் ஐடியும் (காந்தப்புலம் தரும் கரண்ட்) சேர்ந்து எகிறியது. இரண்டு நாள் கரண்ட் கட்டுப்பாட்டின் பிஐ கெயினைத் திருகிக்கொண்டிருந்தேன். ரெஃபரன்ஸை 30 டிகிரி பின்தள்ளி, 1.155 ஆல் பெருக்குங்கள், சரியாகிவிடும். உச்சம் 1ஐத் தாண்டினால் மூன்றாம் ஹார்மோனிக்கைச் சேருங்கள், கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 600 வோல்ட் டிசியில் பேஸ் வோல்டேஜின் உச்சம் எல்லா நிலைகளையும் பயன்படுத்தினால் கிடைக்கும் 346க்குப் பதில் 300தான். முழு வோல்டேஜும் வேண்டுமென்றால் கூட்டுத்தொகை ±1ஐத் தாண்டாத 19 நிலைகளை வைத்துக்கொண்டு 100 வோல்ட் காமன்-மோடோடு சமாதானமாகுங்கள். அதில் நடுப்புள்ளியைச் சமன்செய்வது தலைவலி. நான் ஏழோடு நின்றுவிட்டேன்.

அளக்கும்போது மோட்டாரின் ஸ்டார் புள்ளிக்கும் டிசி நடுப்புள்ளிக்கும் இடையே டிஃபரன்ஷியல் புரோப் மாட்டுங்கள். சாதாரண புரோபின் கிரவுண்ட் கிளிப்பை அங்கே கொண்டுபோகவே வேண்டாம்.

பின்சேர்க்கை: சிமுலேஷனில் பூஜ்யமாக இருந்தது, போர்டில் ஊசி ஊசியாக 100 வோல்ட் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். டெட் டைம்தான் காரணம், அதாவது ஒரு சுவிட்ச் அணைந்து அடுத்தது போடப்படும் வரை விடும் சிறு இடைவெளி. இந்த முறையில் எப்போதும் இரண்டு லெக் சேர்ந்தே மாறும். இரண்டிலும் கரண்ட் எதிரெதிர்த் திசையில் ஓடினால் பிரச்சினை இல்லை. ஒரே திசையில் ஓடினால் ஒன்று உடனே மாறிவிடும், மற்றது டெட் டைம் முடியும்வரை காத்திருக்கும். அந்த இடைவெளிதான் ஊசி. கரண்டின் திசையைப் பார்த்து, முந்துகிற லெக்கை அதே அளவு தாமதப்படுத்துங்கள். கரண்ட் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் திசையை நம்ப முடியாததால், என் போர்டிலும் அங்கே ஒன்றிரண்டு ஊசிகள் இன்னும் இருக்கின்றன.