ஸ்பீக்கர் வேண்டாம், பிள்ளைகளின் வாய் போதும்

கடலூர்ப் பக்கம் குப்பத்துப் பிள்ளைகளுக்கோ மாலை நேர டியூஷன் பிள்ளைகளுக்கோ சும்மா ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள், புளூடூத் ஸ்பீக்கர் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். முதல் மாதம் சொற்கட்டை, அதாவது ஆட்டத்தின் தாளச் சொற்களை, வாயாலேயே சொல்ல வையுங்கள். பாதிப் பேர் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டி ‘தெய்யா தெய், தெய்யா தெய்’ என்று சொல்லட்டும், மீதிப் பேர் பரதநாட்டியத்தில் முதலில் பழகும், காலைத் தட்டி ஆடும் தட்டடவு ஆடட்டும். ஐந்து நிமிடத்தில் இடம் மாற்றுங்கள்.

வாயில் ஏறிய தாளம் காலில் தானாக இறங்கும். பாட்டு ஓடினால் அதைத் துரத்திக்கொண்டுதான் பிள்ளை ஆடும். வாய்ச் சொல்லையோ வேண்டிய அளவு மெதுவாக்கலாம், தப்பிய இடத்திலேயே நிறுத்தி மறுபடி தொடங்கலாம். சின்ன அறையில் இருபது பேர் இடித்துக்கொள்ளாமல் ஆடவும் இது வழி. ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது. ஒரு பழைய பலகையும் கட்டைக் குச்சியும் இருந்தால், ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியும் ஆயிற்று. கூச்சப்படும் பிள்ளைக்குக் குச்சியைக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் அதை வாங்குவதுதான் கஷ்டம்.

தேவனாம்பட்டினம் கடற்கரை மாதிரித் திறந்த வெளியில் இது எடுபடாது. காற்று குரலைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கத்திக் கத்தித் தொண்டைதான் கட்டும். ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டு என்று முடிவாகிவிட்டால், கடைசி இரண்டு வாரம் அந்தப் பாட்டையே போட்டுப் பழக்க வேண்டும். அதற்கு யாருடைய போனாவது போதும்.