மேசை நகர்வைவிட நீளமான பட்டையை மில்லில் வெட்டிய விதம்

என் சின்ன சிஎன்சி மில்லில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) மேசை எக்ஸ் அச்சில், அதாவது இடவலமாக, 300 மிமீதான் நகரும், வெட்ட வேண்டிய அலுமினியப் பட்டையோ 500 மிமீ. இரண்டு பாதியாகத்தான் வெட்ட முடியும். முதலில் மேசையில் ஒரு நேர்ப்பட்டையைப் பொருத்தி, டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) அதன் மேல் ஓட்டி எக்ஸ் அச்சுக்கு இணையாக்கினேன். இதில் அவசரமே கூடாது, இங்கே விடும் சிறு கோணல் கடைசி முனைவரை வளர்ந்துகொண்டே போகும். முதல் பாதியை வெட்டிய அதே செட்டப்பில், நடுப்பகுதிக்கு அருகில் 6 மிமீ துளை போட்டு, அதைத் துல்லியமான அளவுக்குக் கொண்டுவர ரீமரும் விட்டேன். அப்புறம் பட்டையைத் தள்ளி, நேர்ப்பட்டையோடு ஒட்டி இறுக்கி, துளையின் மையத்தை இண்டிகேட்டரால் பிடித்து ஜி55 பூஜ்யமாக, அதாவது இரண்டாம் பாதியை வெட்டும்போது அளவுகள் தொடங்கும் புள்ளியாக, வைத்தேன். பட்டையின் விளிம்பு நேராக இல்லையென்றால் இரண்டு துளை போடுங்கள், கோணமும் தெரிந்துவிடும். வெளியே தொங்கும் முனைக்குக் கட்டாயம் முட்டு வேண்டும்.